பல் கூச்ச மருந்துகள்: ஒன்பது மாதக் கணக்கு

திஞ்ஞான் நீர்விழா நாள்களில் யாங்கோன் தெருமுனைகளில் போவோர் வருவோருக்கெல்லாம் கிண்ணத்தில் வார்த்துக் கொடுக்கும் மோன்லெட்சாங்கை, வெல்லப்பாகும் தேங்காய்ப்பாலும் பனிக்கட்டியும் கலந்த அந்த இனிப்பை, நான் மூன்று ஆண்டுகளாகக் கைகூப்பி மறுத்து வந்தேன். கொடுப்பவர்கள் என்னைச் சர்க்கரை நோயாளி என்று எண்ணிக்கொண்டார்கள். என்னைத் தடுத்தது சர்க்கரையன்று. மேல்தாடையின் இடப்புறத்துக் கோரைப்பல்லும் அதற்கு அடுத்த இரண்டு பற்களுமே. குளிர்ந்தது எதுவானாலும் ஈறோரத்தில் பட்டவுடன் ஊசி பாய்ந்ததுபோல் ஒரு வலி எழும். கிண்ணத்தைக் கீழே வைப்பதற்குள் அது மறைந்தும்விடும். மறைந்துவிடுவதாலேயே மருத்துவரிடம் போகத் தோன்றவில்லை.

சென்ற ஆண்டு விழா முடிந்த கையோடு இதற்கு ஒரு முடிவு காண்பதென்று உறுதிகொண்டு, மே மாதம் முதல் ஜனவரி வரை மூன்று விதமான மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பயன்படுத்திப் பார்த்தேன். முப்பத்தெட்டு ஆண்டுகள் அரிசி வணிக அலுவலகம் ஒன்றில் கணக்கெழுதியவன் ஆதலால் இதற்கும் ஒரு பேரேடு போட்டேன். ஒவ்வொரு நாள் காலையிலும் பல் துலக்குவதற்கு முன் குளிர்சாதனப் பெட்டியில் வைத்த தண்ணீரில் ஒரு கரண்டியை அந்தப் பற்களின்மீது படவிட்டு, வலியே இல்லையென்றால் சுழியம், தாங்க முடியாததென்றால் பத்து என்று குறித்துக்கொண்டேன். மின்வெட்டு நீண்ட நாள்களில் சோதிப்பதற்குக் குளிர்ந்த நீர் கிடைக்கவில்லை. அந்தக் கட்டங்கள் வெறுமையாகவே கிடக்கின்றன. மருந்துகளைப் பற்றிய என் மதிப்பீடு முழுவதும் இந்தப் பேரேட்டிலிருந்து வந்தது. ஒரே ஒருவருடைய வாயில் எடுத்த கணக்கு என்பதைப் படிப்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

பயன்படுத்தத் தொடங்குமுன் பல் மருத்துவரைப் பார்த்தேன் என்பதை முதலில் பதிவு செய்கிறேன். மருந்துக்கடைக்கு நேரே போவதைக் காட்டிலும் இதுவே சிக்கனமான வழி என்பது பின்னர்தான் தெரிந்தது. மருத்துவர் ஒரு பர்மியப் பெண்மணி. கண்ணாடியை வைத்துப் பார்த்ததோடு நில்லாமல், ஒவ்வொரு பல்லின்மீதும் சிறு குழாயால் ஒரு நொடி காற்றை ஊதினார். மூன்று பற்களுக்கு நான் நாற்காலியிலிருந்து எழும்பினேன். சொத்தை இல்லை, விரிசல் இல்லை, ஈறு இறங்கி வேர்ப்பகுதி வெளியே தெரிகிறது என்று சொல்லிவிட்டு, “ஊலே (மாமா), நீங்கள் வலக்கையால்தானே துலக்குகிறீர்கள்?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். வலக்கைக்காரர்கள் பலருக்கு இடப்புறத்துக் கோரைப்பல்லும் அதன் அண்டைப் பற்களும் அதிகம் தேய்வது வழக்கம் என்றும், கை அந்தப் பக்கத்தில்தான் தன் வலிமையை எல்லாம் காட்டுகிறது என்றும் விளக்கினார். “வெற்றிலை போடுவீர்களா?” என்பது அடுத்த கேள்வி. “விட்டு நான்கு ஆண்டுகளாகிறது, சயாமா” என்றேன்; பெண் மருத்துவரை இங்கே அப்படித்தான் அழைப்பது. எந்தக் கன்னத்தில் அடக்குவது வழக்கம் என்று கேட்டார். அதுவும் இடப்பக்கமே.

இந்த ஊரில் குன்யா என்று சொல்லும் வெற்றிலைச் சுருளில் சுண்ணாம்பும் கொட்டைப்பாக்கும் காசுக்கட்டியும், கேட்பவர்களுக்குப் புகையிலையும் சேரும். பாக்கு கடினமானது, ஆண்டுக்கணக்கில் மென்றால் பல்லின் மேற்பரப்பைத் தேய்க்கும், ஒரே இடத்தில் அடக்கி வைத்தால் அங்குள்ள ஈறு கெடும். பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருப்பதால் பல்லைக் காட்டிலும் பெரிய காரணங்கள் அதை விடுவதற்கு உண்டு. இங்கே பல்லின் கணக்கை மட்டும் எழுதுகிறேன். அதற்கும் முந்தைய குற்றவாளி ஒன்று எங்கள் வீட்டிலேயே இருந்தது. என் தந்தையார் அரிசி ஆலையில் வேலை பார்த்தவர். உமிக்கரியையும் உப்பையும் இடித்துச் சலித்து வைத்திருப்பார், வீட்டில் எல்லோரும் அதில்தான் துலக்க வேண்டும். நெல்லின் உமியில் சிலிகா மிகுதி, மணலில் இருப்பதும் அதுவே. விரலால் மெல்லத் தேய்த்தவரைக்கும் அது பெரிய தீங்கு செய்திருக்காது. பிற்காலத்தில் நான் அதை முரட்டுத் தூரிகையில் தொட்டு அரைமணி நேரம் தேய்த்ததுதான் வினை. பளபளப்பு வந்தது உண்மை. அந்தப் பளபளப்போடு பல்லும் போய்க்கொண்டிருந்தது.

தமிழில் இந்த நோய்க்குக் கூச்சம் என்று பெயர் வைத்தவர் யாரோ, அவர் நன்றாகக் கவனித்தவர். வெயிலில் கண் கூசுகிறது, அந்நியர்முன் பிள்ளை கூசுகிறது, புளியங்காயைக் கண்டால் பல் கூசுகிறது. மூன்றிலும் மூடியிருக்க வேண்டிய ஒன்று திறந்து கிடக்கிறது. பல்லில் நடப்பதும் ஏறக்குறைய அதுவே. பல்லின் மேலுறையான எனாமல் மனித உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். அதில் நரம்பு கிடையாது. அதற்கு அடியில் இருக்கும் டென்டின் என்னும் அடுக்கு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்களால் துளைபட்டது. ஒரு சதுர மில்லிமீட்டரில் இவை பல்லாயிரக்கணக்கில் உள்ளன; ஒவ்வொன்றின் அகலமும் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒன்றோ இரண்டோ பங்குதான். அந்தக் குழாய்களுக்குள் திரவம் இருக்கிறது. மேலே எனாமலும் கீழே ஈறும் மூடியிருக்கும்வரை அந்தத் திரவம் அசையாமல் இருக்கும். மூடி போய்விட்டால் குளிரோ சூடோ காற்றோ இனிப்போ பட்டதும் அசையும். அந்த அசைவை உள்ளே பற்கூழில் உள்ள நரம்பு வலியாக உணரும். ஸ்வீடன் நாட்டுப் பல் மருத்துவ அறிஞர் மார்ட்டின் பிரான்ஸ்ட்ராம் 1960-களில் வலுவாக நிறுவிய இந்த விளக்கத்தைத்தான் இன்றும் பெரும்பாலோர் ஏற்கிறார்கள்.

இந்த விளக்கத்தைச் சற்று விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. கடையில் கிடைக்கும் கூச்ச மருந்துகள் எல்லாம் இரண்டே வழிகளில் ஒன்றைப் பின்பற்றுகின்றன: ஒன்று, உள்ளே இருக்கும் நரம்பை அமைதிப்படுத்துவது, மற்றொன்று, வெளியே திறந்திருக்கும் குழாய்களின் வாயை அடைப்பது. வாங்கிய பசை இவற்றில் எதைச் செய்கிறது என்று தெரியாதவர், அது வேலை செய்கிறதா இல்லையா என்பதை எப்போது தீர்மானிப்பது என்றும் அறிய மாட்டார். நானும் அறியாமல்தான் முன்பு இரண்டு குழாய்களை முக்கால்வாசி மிச்சத்துடன் குப்பையில் எறிந்தேன்.

வீட்டு வைத்தியங்களை விரைவாகச் சொல்லிக் கடந்துவிடுகிறேன். எங்கள் முன்னோர் சூரத்தி பஜார் என்று அழைத்த தெய்ன்ஜீ சந்தையில் வாங்கிய கிராம்புத் தைலம், தடவிய கால்மணி நேரத்திற்கு அந்த இடத்தை மரக்கச் செய்தது. கிராம்பில் உள்ள யூஜினால் என்னும் பொருள் அதைச் செய்கிறது. மரப்பு போனதும் கூச்சம் இருந்த இடத்தில் இருந்தது. அளவு மிஞ்சினால் ஈறு எரிகிறது. கொய்யா இலை கொதிநீர் இதமாக இருந்தது என்பதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. “ஆலும் வேலும் பல்லுக்குறுதி, தம்பி, நீ காசைக் கரியாக்குகிறாய்” என்று என் மதினி சொன்னார். ஆலங்குச்சியைக் குறை சொல்லும் துணிவு எனக்கில்லை. ஆனால் இறங்கிப்போன ஈற்றின் ஓரத்தில் குச்சியின் நாரை வைத்துத் தேய்ப்பது தூரிகையால் தேய்ப்பதைவிட எந்த வகையிலும் மென்மையானதன்று.

முதல் மருந்து பொட்டாசியம் நைட்ரேட் கலந்த பசை. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். நம் சித்த வைத்தியர்கள் வெடியுப்பு என்று அழைத்த அதே உப்பு, வாணவேடிக்கைக்கும் பயன்படுவது. அமெரிக்காவில் மில்டன் ஹோடோஷ் என்ற பல் மருத்துவர் இது பல் கூச்சத்தைத் தணிக்கிறது என்று 1974-இல் எழுதிய பின்னர் இது பரவியது. பசையில் இதன் அளவு 5 சதவீதம். இன்று உலகெங்கும் கூச்சப் பசைக்கு மறுபெயராகிவிட்ட சென்சோடைன் 1961-இல் அறிமுகமானபோது அதில் இந்த உப்பு இல்லை. ஸ்ட்ரான்சியம் குளோரைடு இருந்தது. வெடியுப்பு பின்னால் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இந்த உப்பு குழாய்களை அடைப்பதில்லை. மின்னேற்றம் பெற்ற பொட்டாசியம் அணுக்கள் நுண்குழாய்களின் வழியாக உள்ளே சென்று நரம்பு முனையைச் சுற்றிச் சேர்ந்து, அது கிளர்ந்தெழுந்து செய்தி அனுப்பும் திறனைக் குறைக்கின்றன என்பதே கருத்து. சேர்வதற்கு நாள் பிடிக்கும். நாள்தோறும் இருமுறை துலக்கினால் இரண்டு வாரம் முதல் நான்கு வாரம். என் பேரேட்டில் தொடக்க எண் 7. முதல் வார முடிவிலும் 7. முன்பு நான் குழாயை எறிந்தது இந்தக் கட்டத்தில்தான். இரண்டாம் வாரம் 6. மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் 4, மறுநாள் 6, பிறகு மீண்டும் 4 என்று ஊசலாடியது. நான்காம் வார முடிவில் 3. எட்டாம் வாரத்தில் 2 வந்து அங்கேயே நின்றது. சோதனைக்காக நிறுத்திச் சாதாரணப் பசைக்கு மாறினேன். பதினாறாம் நாள் 5. நரம்பை உறங்க வைக்கும் மருந்து நிறுத்தியதும் நரம்பு விழித்துக்கொள்கிறது. இதைப் பசையின் குறை என்று சொல்வதைவிட அதன் இயல்பு என்று கொள்வதே நேர்மை.

இந்த இறக்கம் முழுவதையும் பசையின் வரவில் எழுதுவது சரியன்று. மருத்துவர் முதல் நாளே என் முரட்டுத் தூரிகையைக் கைவிடச் சொல்லி, மென்மையான மயிர் கொண்ட தூரிகையைப் பேனா பிடிப்பதுபோல் விரல்நுனியில் பிடித்துத் துலக்கக் கற்பித்தார். உமிக்கரியும் அன்றே நின்றது. ஆகவே 7-லிருந்து 2-க்கு வந்ததில் எத்தனை பங்கு மருந்தினுடையது, எத்தனை பங்கு தூரிகையினுடையது என்று பிரித்தெழுத என்னால் இயலாது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரன் அமைப்பும் 2006-இல் வெளியிட்ட தொகுப்புரையில், பொட்டாசியம் பசைகள் கூச்சத்தைக் குறைக்கின்றன என்பதற்கு வலுவான சான்று இல்லை என்றே எழுதியது. ஆயினும் நிறுத்தியபோது எண் ஏறியது, தூரிகை மாறாமலிருக்க ஏறியது. அதனால் என் வாயைப் பொறுத்தமட்டில் மருந்துக்கும் ஒரு பங்கு உண்டு என்று துணிகிறேன்.

சுவையைப் பற்றி ஒரு சொல். வெடியுப்புக்கு ஒருவகைக் கைப்பும் உவர்ப்பும் உண்டு. புதினா அதை மூடினாலும் நாக்கின் அடியில் தங்குகிறது. நுரை குறைவாக வரும் வகையை நான் தேர்ந்தெடுத்தேன். நுரை வராவிட்டால் துலக்கியதாகவே மனம் ஒப்பவில்லை. பத்து நாளில் பழகிவிட்டது. காலையில் அதன்பின் உடனே தேநீர் குடித்தால் தேநீரின் சுவை கெடுகிறது. தேநீர்க்கடையில் கூடிப் பேசும் பழக்கமுள்ள நம்மவர்களுக்கு இது சிறிய இழப்பன்று.

இரண்டாவது மருந்துக்குப் போகுமுன் கடையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். முதல் குழாய் தீர்ந்ததும் வீட்டுக்கு அருகில் உள்ள ஒரு கடையில் அதே பசையைக் கேட்டேன். அங்கிருந்த பெண் எடுத்துக் கொடுத்த பெட்டி பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தது: அதே நிறம், அதே எழுத்து வடிவம், கூச்சத்திற்கு என்ற அறிவிப்பு. எழுத்துகள் தாய்லாந்து மொழியில் இருந்தன. பழைய பெட்டியைக் கையோடு கொண்டு போயிருந்ததால் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பொருள் பட்டியலில் ஆங்கிலத்தில் இருந்த சிறு எழுத்துகளை ஒப்பிட்டேன். பழையதில் பொட்டாசியம் நைட்ரேட் இருந்தது, புதியதில் இல்லை. வேறொரு மருந்து இருந்தது. “இரண்டும் ஒன்றுதான், ஊலே” என்று அந்தப் பெண் சாதித்தாள். அவள்மீது கோபம் கொள்வதில் பயனில்லை. அவள் விற்பது பெட்டியை, பெட்டிக்குள் இருப்பதைப் படிக்க வேண்டியது வாங்குபவன். ஆனால் வேறொரு பெட்டியை எடுத்துத் தந்தபோது அதில் காலாவதி நாள் அச்சிட்ட இடம் சுரண்டப்பட்டிருந்தது. அதை அந்த மேசையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பர்மிய நாணயமான கியாட்டின் மதிப்பு இறங்கிய பிறகு ஒரே கடையின் அலமாரியில் தாய்லாந்துப் பெட்டியும் இந்தியப் பெட்டியும் வேறெங்கிருந்தோ வந்ததும் கலந்து கிடப்பது இங்கே வாடிக்கையாகிவிட்டது. ஒரே வணிகப் பெயரில் நாட்டுக்கு நாடு வேறு வேறு மருந்து சேர்க்கிறார்கள் என்பதும் உண்மை. சென்சோடைனின் ‘ரிப்பேர் அண்ட் புரொடெக்ட்’ என்ற வகை பல நாடுகளில் கால்சியம் சோடியம் பாஸ்போசிலிகேட் என்னும் உயிர்க்கண்ணாடித் தூளுடன் விற்றது. அமெரிக்காவில் அதே பெயருள்ள பசையில் ஸ்டேனஸ் ஃபுளூரைடு இருந்தது. இரண்டும் குழாய்களை அடைக்கும் மருந்துகள்தாம் என்றாலும் வேறு வேறு பொருள்கள். அதனால்தான் இந்த மதிப்புரையில் நிறுவனங்களின் பெயரைவிட மருந்தின் பெயரையே பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாவதாகப் பயன்படுத்தியது அர்ஜினின் கலந்த பசை. அர்ஜினின் என்பது புரதத்தின் உறுப்பான ஓர் அமினோ அமிலம். நம் எச்சிலிலும் இயல்பாக உள்ளது. நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இஸ்ரேல் கிளைன்பெர்க், எச்சில் எவ்வாறு பல்லைக் காக்கிறது என்று ஆராய்ந்ததிலிருந்து பிறந்த தொழில்நுட்பம் இது. கோல்கேட் நிறுவனம் ‘சென்சிடிவ் புரோ-ரிலீஃப்’ என்ற பெயரில் இதை விற்கிறது. அர்ஜினின் 8 சதவீதம், அதோடு கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல்லின் தூள். நேர்மின்னேற்றம் உடைய அர்ஜினின், எதிர்மின்னேற்றம் உடைய டென்டின் பரப்பில் ஒட்டிக்கொண்டு, எச்சிலில் உள்ள கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் இழுத்துச் சேர்த்துக் குழாய்களின் வாயில் ஓர் அடைப்பை உண்டாக்குகிறது. முப்பது ஆண்டுகள் வெற்றிலையோடு சுண்ணாம்பு தின்று பல்லைக் கெடுத்துக்கொண்டவன், கடைசியில் சுண்ணாம்புத் தூளாலேயே அதை அடைக்க நேர்ந்தது எனக்கே சிரிப்பை வரவழைத்தது.

இந்தப் பசையின் சிறப்பு அதன் வேகம். சிறிதளவை விரல்நுனியில் எடுத்துக் கூசும் பல்லின்மேல் ஒரு நிமிடம் தேய்க்கலாம் என்ற குறிப்பைப் பின்பற்றினேன். 5 என்று குறித்திருந்த காலையில், தேய்த்து முடித்துப் பத்து நிமிடம் கழித்து மீண்டும் அதே கரண்டி நீரை விட்டபோது 2. இரண்டு முறை சோதித்தேன், இரண்டு முறையும் அப்படியே. வெடியுப்பு நான்கு வாரத்தில் செய்ததை இது ஒரு காலையில் செய்தது என்று அன்றைய கட்டத்தின் ஓரத்தில் எழுதி வைத்தேன். மறுநாளே அந்தக் குறிப்பின்கீழ் ஒரு திருத்தம் எழுத வேண்டியதாயிற்று.

அன்று இரவு வீட்டில் சின்பௌங் குழம்பு. நம் புளிச்சகீரையைத்தான் பர்மியர்கள் அப்படிச் சொல்கிறார்கள். தட்டு நிறைய உண்டேன். மறுநாள் காலை எண் 4. அடைப்பு கரைந்துவிட்டது என்பது என் ஊகம், மருத்துவரும் மறுக்கவில்லை. வாயில் அமிலம் மிகுந்து, பி.எச். என்னும் அளவீடு (எண் குறையக் குறைய அமிலம் மிகுதி) 5.5-க்குக் கீழே போனால் எனாமலே கரையத் தொடங்கும், டென்டின் அதற்கு முன்பே கரையும். புதிதாகப் படிந்த ஓர் அடைப்பு அவற்றைவிட உறுதியாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. மொஹிங்கா என்னும் மீன்குழம்பு நூடுல்ஸில் பிழியும் எலுமிச்சை, லபெட் என்னும் ஊறவைத்த தேயிலைக் கலவையில் சேரும் புளிப்பு, மாங்காய்ப்பிஞ்சை மிளகாய்ப்பொடியோடு கடிப்பது என இந்த ஊர்ச் சாப்பாட்டில் புளிப்பு இல்லாத வேளை அரிது. எனவே இந்தப் பசையை நாள்தோறும் இருமுறை விடாது பயன்படுத்தி அடைப்பைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வாறு செய்த நான்காம் வாரத்தில் எண் 2-இல் நிலைத்தது. புளிப்பு உண்ட மறுநாள்கூட 3-க்கு மேல் ஏறவில்லை. நிறுத்தியபின் ஏறியதும் வெடியுப்பைவிட மெதுவாகவே இருந்தது.

புளிப்பு உண்டவுடன் துலக்குவதுதான் மிகப்பெரிய தவறு என்று அறிந்ததும் இந்த மாதங்களில்தான். அமிலம் பட்டு மேற்பரப்பு இளகியிருக்கும் நேரத்தில் தூரிகையை வைத்தால் இளகியது அத்தனையும் தேய்ந்துவிடும். வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரைமணி முதல் ஒருமணி நேரம் பொறுத்தபின் துலக்க வேண்டும். சுத்தத்தில் அக்கறை மிகுந்தவர்கள், சாப்பிட்ட கையோடு எழுந்துபோய்த் துலக்குபவர்கள், இதனாலேயே அதிகம் பாதிக்கப்படுகிறார்கள். நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்.

அதைவிடவும் எளிதான மற்றொரு தவறு துலக்கியபின் வாய் நிறைய நீரெடுத்துக் கொப்பளிப்பது. சாதாரணப் பசையைவிட மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்கிய மருந்தை இரண்டு நிமிடத்தில் நாமே கழுவி ஊற்றிவிடுகிறோம். நுரையைத் துப்பிவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும். மிச்சமிருக்கும் மெல்லிய படலமே வேலை செய்கிறது. மதினியிடம் இதைச் சொன்னபோது, “எச்சில் வாயோடு அடுப்படிக்குள் வராதே, தம்பி” என்று பதில் வந்தது. அதன்பின் கொப்பளிப்பதையும் அடுப்படிக்குப் போவதையும் சேர்த்தே தள்ளிப்போட்டேன்.

மற்ற மருந்துகளை நான் நேரில் நீண்ட நாள் பயன்படுத்தவில்லை. ஸ்டேனஸ் ஃபுளூரைடு குழாய்களை அடைப்பதோடு ஈறு வீக்கத்தையும் குறைக்க உதவும். சிலருக்குப் பல்லில் பழுப்புக் கறை படியும். வெற்றிலைக் காவியே இன்னும் போகாத பற்களில் அது தெரியவா போகிறது என்று மருத்துவரிடம் வேடிக்கையாகக் கேட்டேன், அவர் சிரிக்கவில்லை. உயிர்க்கண்ணாடித் தூளின் மூலப்பொருளை லாரி ஹென்ச் என்ற அமெரிக்க அறிவியலாளர் 1969-இல் உடைந்த எலும்போடு பிணைவதற்காகக் கண்டறிந்தார். அது பிற்காலத்தில் பற்பசைக்குள் வந்தது. பெட்டியில் கூச்சத்திற்கு என்பதோடு வெண்மைக்கும் என்று எழுதியிருக்கும் வகைகளை நான் தொடவில்லை. வெண்மை தருவதற்காகச் சேர்க்கும் தேய்ப்புப் பொருள், ஏற்கெனவே தேய்ந்துபோன என் வேர்ப்பகுதிக்கு ஆகாது என்று மருத்துவர் எச்சரித்திருந்தார்.

மூன்றாவது மருந்து கடையில் கிடைப்பதன்று. மருத்துவர் தம் கையால் பூசும் ஃபுளூரைடு வார்னிஷ். அர்ஜினின் பசையை நிறுத்தி எண் மீண்டும் 4-க்கு வந்தபின் அக்டோபரில் இதைப் பூசிக்கொண்டேன். சோடியம் ஃபுளூரைடு 5 சதவீதம். அதில் உள்ள ஃபுளூரைடை மட்டும் கணக்கிட்டால் பத்து லட்சத்தில் 22,600 பங்கு. நாம் துலக்கும் பசையில் பத்து லட்சத்துக்கு 1,000 முதல் 1,500 பங்குவரைதான் இருக்கும் என்பதோடு ஒப்பிட்டால் இதன் செறிவு விளங்கும். பல்லைத் துடைத்து உலர்த்திவிட்டு, சிறு தூரிகையால் மஞ்சள் நிறப் பிசின் ஒன்றைத் தேய்ந்த இடத்தில் தீட்டினார். எச்சில் பட்டதும் அது இறுகியது. மூன்று பற்களுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் பிடித்திருக்காது. வலி இல்லை, ஊசி இல்லை. காற்றை ஊதி உலர்த்திய அந்த ஒரு நொடிதான் தாங்க முடியாதது.

சில மணி நேரம் கடினமான பண்டமோ சூடான பானமோ கூடாது, மறுநாள் காலை வரை துலக்கக் கூடாது என்றார். மஞ்சள் படலம் ஒரு நாள் தெரிந்தது. நாக்கு அதைத் துழாவிக்கொண்டே இருந்தது. கடுமையான ஆஸ்துமா உள்ளவர்களும் ஈற்றில் புண் உள்ளவர்களும் பூசுவதற்குமுன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும், பிசின் சிலருக்கு ஒவ்வாது. மறுநாள் காலை எண் 1. அந்த வாரம் முழுவதும் 1. இந்தப் பேரேட்டில் அதற்குக் கீழான எண் எழுதியதே இல்லை. நவம்பர், டிசம்பர் இரண்டிலும் சாதாரண ஃபுளூரைடு பசையை மட்டுமே பயன்படுத்தினேன். 1-க்கும் 2-க்கும் இடையில் நின்றது. ஜனவரி நடுவில் கோரைப்பல் மட்டும் 3 காட்டியது, மற்ற இரண்டும் அமைதியாகவே இருந்தன.

செலவுக் கணக்கு. இருமுறை துலக்கும் ஒருவருக்கு, முறைக்கு ஒரு கிராம் வீதம், 100 கிராம் குழாய் ஐம்பது நாளுக்கு வரும். எனக்கு வார்னிஷுக்கு ஆன கட்டணம் ஏறக்குறைய மூன்று கூச்சப் பசைக் குழாய்களின் விலை. பயன் மூன்று மாதத்திற்குக் குறையாமல் நின்றது. அந்த மூன்று குழாய்கள் வரும் ஐந்து மாதமும் நாள்தோறும் பசையை நினைவில் வைத்துத் துலக்கும் ஒழுங்கு உள்ளவருக்குப் பசையே மலிவு; என்னைப்போல் மின்சாரம் வந்த நேரத்தில் எழுந்து எது கைக்குக் கிடைக்கிறதோ அதில் துலக்கும் வீட்டில் வார்னிஷ் நட்டமில்லை. மூன்றில் ஒன்றை மட்டும் சொல் என்று கேட்டால், ஒன்றிரண்டு பற்கள் மட்டும் கூசுபவருக்கு வார்னிஷையும், வாய் முழுதும் பரவலாகக் கூசுபவருக்கு அர்ஜினின் பசையையும் சொல்வேன். வெடியுப்புப் பசையை நான்கு வாரம் பொறுக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே பரிந்துரைப்பேன். பொறுக்காதவர்கள் அதைப் பழிப்பதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை, ஏனென்றால் பழித்தவர்களில் முதல்வன் நான்.

யாருக்கு இவை எதுவுமே வேண்டாம் என்பதையும் எழுதிவிட வேண்டும். குளிர் பட்டு எழுந்த வலி குளிர் நீங்கிய பிறகும் நிமிடக்கணக்கில் நின்றால், ஒன்றுமே படாமல் நடுஇரவில் எழுப்பினால், கடிக்கும்போது ஒரு பல் மட்டும் வெட்டி இழுத்தால், அது கூச்சமன்று. சொத்தை பற்கூழைத் தொட்டிருக்கலாம், பல்லில் விரிசல் இருக்கலாம். அந்த நிலையில் கூச்சப் பசையைத் தேய்த்துக்கொண்டிருப்பது நோயை மறைத்துக் காலத்தைக் கடத்துவதாகும். பொட்டாசியம் நைட்ரேட் பசைகளின் பெட்டியிலேயே, மருத்துவர் சொல்லாமல் நான்கு வாரத்திற்கு மேல் பயன்படுத்த வேண்டாம், பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கேட்காமல் கொடுக்க வேண்டாம் என்று அச்சிட்டிருப்பதற்கும் காரணம் இதுவே. நான் எட்டு வாரம் பயன்படுத்தியது மருத்துவரின் அனுமதியோடுதான்.

அடங்காத கோரைப்பல்லை ஜனவரி இறுதியில் மீண்டும் காட்டினேன். ஈறோரத்தில் நகம் மாட்டும் அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது, மருந்து பூசிப் பயனில்லை, பல்லின் நிறத்திலேயே அடைத்துவிடலாம் என்றார். அடுத்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நேரம் கொடுத்திருக்கிறார். அன்று மின்சாரம் இருந்தால்.